அப்பா பதிவு செய்த 'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்' கேசட்டுகள்: தூக்கிப் போடுவதா, காப்பாற்றுவதா?

எடிசன் மீனா கேட்டது:

வணக்கம். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். அப்பா போன வருஷம் காலமானார். வீட்டை விற்கப் போகிறோம், அதனால் பேஸ்மென்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டியில் 11 வீடியோ கேசட்டுகளும் அப்பாவின் பழைய டெக்கும் கிடைத்தன. ஒவ்வொரு கேசட் முதுகிலும் அப்பா கையெழுத்தில் 'மோ.வா.' என்று எழுதி, தேதி போட்டிருக்கிறது. 1988 கடைசியில் ஆரம்பித்து 1991 வரைக்கும் வருகிறது.

'மோ.வா.' என்றால் 'மோஸ்ட் வான்டட்', தலைமறைவான குற்றவாளிகளைக் காட்டிப் பிடிக்க மக்களிடம் துப்பு கேட்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 8 மணிக்கு சேனல் 5-இல் வரும். நானும் தம்பியும் பார்க்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அப்பா பதிவு செய்து வைத்து நாங்கள் தூங்கிய பிறகு பார்ப்பார். அப்பா கணக்காளர். சிக்கனத்துக்காக ஒரே கேசட்டில் 6 மணி நேரம் அடைத்து வைப்பார்.

ஒரு கேசட்தான் என்னை இங்கே எழுத வைத்தது. அதன் மேல் '21-5-89, ஜான் லிஸ்ட்' என்று நீல மையில் எழுதி, அதை அடித்து, கறுப்பு மையில் 'பாபு முதல் பிறந்தநாள்' என்று எழுதியிருக்கிறார். மேலே பதியாமல் இருக்கப் பின்பக்கம் உடைத்த துளையின் மேல், மறுபடி பதிவதற்காக செல்லோ டேப் ஒட்டியிருக்கிறது. லிஸ்ட், தன் குடும்பத்தையே கொன்றுவிட்டு ஓடிய கணக்காளர். அந்தக் குடும்பம் இருந்த வெஸ்ட்ஃபீல்டு எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அந்த வாரம் 'இந்த ஆளும் நம்ம தொழில்தான்' என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம், அம்மா சொல்வார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்த ஒரு சிலை முகம், மூக்குக்கண்ணாடியோடு, இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த எபிசோடுகள் எல்லாம் ஏற்கெனவே எங்காவது கிடைக்கின்றனவா? அப்படியானால் பிறந்தநாளை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடலாமா? பிறந்தநாளுக்கு அடியில் இருந்ததை மீட்க வழி உண்டா? இன்னும் எதையும் டெக்கில் போடவில்லை, பயமாக இருக்கிறது.

கும்பகோணத்தான்:

இவ்வளவு பிரபலமான நிகழ்ச்சி எல்லாம் யூடியூபில் இருக்கும் அக்கா. பிறந்தநாள் கேசட்டை மட்டும் பத்திரப்படுத்துங்கள், போதும் என்று நினைக்கிறேன்.

நாடாப்பெட்டி (சிகாகோ):

மீனா, தயவுசெய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். 20 வருஷமாக வீட்டுப் பதிவுகளைச் சேகரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கும்பகோணத்துத் தம்பி சொல்வது போல எல்லாம் இணையத்தில் இருக்கும் என்று நினைத்துத்தான் பல வீடுகளில் பெட்டி பெட்டியாகக் குப்பைக்குப் போயிருக்கிறது.

அந்த நிகழ்ச்சி 1988 பிப்ரவரி 7 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் சொந்த நிலையங்கள் ஏழில் மட்டும் ஆரம்பித்தது. நியூயார்க்கின் சேனல் 5 அதில் ஒன்று. முதல் வாரத்தில் காட்டிய டேவிட் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் நான்கே நாளில் ஸ்டேட்டன் ஐலண்டில் பிடிபட்டான். அங்கே வேறு பெயரில் வீடற்றோர் விடுதி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். 1996-இல் நிறுத்தப் பார்த்தார்கள், காவல்துறையும் ஆளுநர்களும் பொதுமக்களும் எதிர்த்ததால் திரும்பி வந்தது. 2010 மார்ச்சில் ஆயிரமாவது எபிசோட். அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி இன்றுவரை டிவிடியாக வரவில்லை. ஆங்காங்கே துண்டு துண்டாகக் கிடைக்கும். அன்று ஒளிபரப்பான மாதிரியே, ஆரம்பம் முதல் கடைசி வரை என்றால் உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் பதிந்த கேசட்டுகள்தான்.

இதில் இரண்டு வகைத் தொலைதல் உண்டு. ஒன்று, நிலையமே அழித்துவிடுவது. அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம் என்பதால் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். 1967 ஜனவரி 15 அன்று நடந்த முதல் சூப்பர் பவுலை (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) இரண்டு நெட்வொர்க்குகள் ஒளிபரப்பின, இரண்டிலுமே முழுப் பதிவு மிஞ்சவில்லை. பென்சில்வேனியாவில் ஒருவர் பதிந்து வைத்திருந்த நாடாதான் பல பத்து வருஷம் கழித்துக் கிடைத்தது. 'மோஸ்ட் வான்டட்' இரண்டாவது வகை என்று நான் நினைக்கிறேன்: அழிந்துபோனது அல்ல, வெளியே வராதது. ஓடி ஒளிந்தவனைப் பிடிக்கத்தான் அந்த நிகழ்ச்சி. அவன் பிடிபட்ட மறுநாளே அந்த எபிசோடின் வேலை முடிந்துவிடுகிறது. இன்று மறுபடி காட்டினால் மக்கள் வேறு யாரையோ பார்த்துவிட்டுப் போன் செய்வார்கள். இதுதான் காரணம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் படுவது.

லிஸ்ட் வழக்கு அந்த நிகழ்ச்சியின் பெரிய சாதனைகளில் ஒன்று. 1971 நவம்பர் 9 அன்று மனைவி, அம்மா, மூன்று பிள்ளைகள் எல்லாரையும் சுட்டுவிட்டு மறைந்தவர். உடல்கள் கண்டுபிடிக்கப்படவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. 18 வருஷத்தில் முகம் எப்படி மாறியிருக்கும் என்று ஃபிராங்க் பெண்டர் என்ற சிற்பி மார்பளவுச் சிலை செய்தார். தடித்த பிரேம் போட்ட கண்ணாடியை அவரே யோசித்து மாட்டினார். கதவு இடுக்கில் நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். ஒளிபரப்பாகி 11 நாளில், ஜூன் 1 அன்று, வர்ஜீனியாவில் ராபர்ட் கிளார்க் என்ற பெயரில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைக் கைது செய்தார்கள். முன்பு டென்வரில் அவருக்கு அண்டை வீட்டில் இருந்த பெண்மணிதான் அடையாளம் கண்டவர்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன். மேலே பதியும்போது டெக்கிலுள்ள அழிக்கும் ஹெட் பழையதை முழுதாகத் துடைத்துவிடும். அடியில் இருந்ததை மீட்க வழியே இல்லை. யாராவது மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் முழு எபிசோடும் போயிருக்க வேண்டும் என்பதில்லை. அப்போது அது அரை மணி நேர நிகழ்ச்சி. அப்பா ஈ.பி. என்ற மிக மெதுவான வேகத்தில் பதிந்திருக்கிறார், சாதாரண டி-120 கேசட்டில் 6 மணி நேரம் என்றால் அதுதான். பிறந்தநாளை எஸ்.பி. என்ற வழக்கமான வேகத்தில் பதிந்திருந்தால் நாடா மூன்று மடங்கு வேகமாக ஓடியிருக்கும். 5 நிமிட விழா அடியில் இருந்த 15 நிமிடத்தைத் தின்றிருக்கும். அதனால் பிறந்தநாள் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், ஓட விடுங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. பேஸ்மென்டிலிருந்து எடுத்த கேசட்டை ஒரு நாள் முழுக்க ஹால் வெப்பத்தில், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். கேசட்டிலுள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள், விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை எந்த டெக்கிலும் போடக் கூடாது, டெக் வழியாக மற்ற கேசட்டுக்கும் ஒட்டும். பூஞ்சை இல்லாததை, முதலில் இழந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமா கேசட்டைப் போட்டுச் சோதித்த பிறகு, அப்பாவின் டெக்கிலேயே போடுங்கள். ஈ.பி. பதிவுகள் எந்த டெக்கில் பதியப்பட்டனவோ அதில்தான் கோடு விழாமல் ஓடும். உலகத்தில் கடைசியாக வீடியோ டெக் செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அந்த டெக்கும் சொத்துதான், பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாற்றும்போது தரம் இழக்காமல் சுருக்கும் (லாஸ்லெஸ்) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு முப்பது ஜிபி அளவுக்கு வரும், ஹார்டு டிஸ்க் இன்று மலிவு. விளம்பரங்களை வெட்டாதீர்கள். அன்றைய ராத்திரி எப்படி இருந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

ரமா, டொராண்டோ:

வீட்டில் பதிந்ததற்காகப் பயப்பட வேண்டாம் மீனா. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்து வைப்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில், சோனி வழக்கில், ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம், உரிமை அவர்களுடையது. நாடாப்பெட்டி சொன்ன சூப்பர் பவுல் நாடாவே உரிமைச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று. அந்த எபிசோடுகளில் செத்துப்போனவர்களின் பிள்ளைகள், அக்கா தங்கைகள் இன்றும் இருக்கிறார்கள். நடித்துக் காட்டிய கொலைக் காட்சிகளைத் துண்டாக வெட்டி ஏற்றுபவர்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது. நிகழ்ச்சியை நடத்திய ஜான் வால்ஷே 1981-இல் ஆறு வயது மகனைப் பறிகொடுத்தவர். ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள், வேடிக்கைக்குக் கொடுக்காதீர்கள். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது வருஷத்துக்கு மேல் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிந்து, எழுபதாயிரம் கேசட் சேர்த்தார். 2012-இல் அவர் இறந்த பிறகு அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்குப் போயின. முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

சேலம் முருகு:

ஒரே ஒரு வார்த்தை அக்கா. கடையில் கொடுத்தால் பக்கத்தில் நின்று மாற்றி வாங்குங்கள். அம்மா அப்பா கல்யாண கேசட்டை ஒரு கடையில் விட்டுவிட்டு வந்தேன். நாடா சிக்கி, அறுந்ததை அப்படியே ஒட்டித் தந்தார்கள். தாலி கட்டுகிற இடம் போய்விட்டது. ஏழு வருஷம் ஆகியும் ஆறவில்லை.

எடிசன் மீனா:

எல்லாருக்கும் நன்றி. நாடாப்பெட்டி ஐயா சொன்னபடியே செய்தேன். இரண்டு கேசட்டில் பூஞ்சை இருந்தது, தனியாகப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். மற்ற ஒன்பதும் நன்றாக இருக்கின்றன. முருகு, உங்கள் பதிலைப் படித்துவிட்டு, கடைக்கே போகாமல் தம்பி பாபுவை வரச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்தே மாற்றுகிறோம்.

21-5-89 கேசட்டை நேற்று ராத்திரி போட்டோம். முதல் 7 நிமிடம் நிகழ்ச்சி. திடீரென்று படம் குலுங்கி எங்கள் பழைய அபார்ட்மென்ட். பாபு அம்மா மடியில், கேக், பக்கத்து வீட்டுக்காரர்கள். கேமராவைப் பிடித்திருந்தது அப்பா என்பதால் அவர் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது: 'மீனா, தள்ளி நில்லும்மா, தம்பி முகம் மறைக்குது.' 6 நிமிடம்தான் விழா. அப்புறம் கோடு கோடாக ஓடி, மறுபடி ஜான் வால்ஷ். நீங்கள் போட்ட கணக்கு சரியாக இருந்தது ஐயா, கடைசி 5 நிமிடம் மிஞ்சியிருக்கிறது. சிலையைக் காட்டிய இடம் போய்விட்டது.

ரமா, விளம்பரத்தோடு அப்படியே வைத்து, ஆர்க்கைவுக்கு எழுதப் போகிறேன். இந்த ஒரு கேசட்டில் மட்டும் அந்த 6 நிமிடத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தருவதா, முழுசாகவே தருவதா என்று கேட்டேன். முழுசாகவே கொடு, அப்பா அப்படித்தான் வைத்திருந்தார் என்கிறான் பாபு. அம்மாவிடமும் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.