மறு: ஐட்லர் வீலுக்கு "இறுக்குசக்கரம்"னு வெச்சுக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

டாங்கியோட பட்டையை (சக்கரங்களைச் சுத்தி ஓடுற கண்ணித் தொடர்) தொய்யாம புடிக்கிற ஐட்லர் வீலுக்குத் தமிழ்ல என்ன பேரு வெக்கலாம்னு நம்ம குழுவுல கேட்டதுக்கு இதுவரைக்கும் வந்த பேரெல்லாம் படிச்சேன், என்னோட ஆதரவு இறுக்குசக்கரத்துக்குத்தான். இங்க கடலூர் முதுநகர்ல ஒரு லேத் பட்டறைல நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து விஜயந்தா டாங்கியை ஆறுல ஒரு பங்கு அளவுல ரிமோட்ல ஓடுற மாதிரி செஞ்சுக்கிட்டிருக்கோம், 1965ல ஆவடில இருந்து வெளிய வந்துச்சே அதேதான், சின்னதாக்கியும் அகலமே அரை மீட்டருக்கு மேல வருது, அதனால இந்தச் சக்கரம் என்ன வேலை செய்யுதுன்னு கையால தொட்டுப் பாத்துச் சொல்றேன்.

பின்னாடி இருக்கிற பல்லுச் சக்கரத்தை மோட்டார் சுத்துது, அது பட்டையை இழுக்குது, நடுவுல பக்கத்துக்கு ஆறு சக்கரம் பாரத்தைத் தாங்குது. முன்னாடி இருக்கிற இது எதையும் இழுக்காது, பட்டையைத் திருப்பிவிட்டு தொய்யாம புடிச்சு வெக்கும். இதோட அச்சை ஒரு வளைஞ்ச கையில மாட்டியிருக்கோம், போல்ட்டைத் தளத்தி கையைத் திருப்புனா சக்கரம் முன்னாடி நகரும், பட்டை இறுகும். ரொம்ப இறுக்குனா கண்ணியைக் கோத்திருக்கிற ஆணியெல்லாம் தேயும், மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் எறங்கும். லூசா விட்டாலும் ஆபத்து, டாங்கில ஒரு பக்கத்து பட்டையை மெதுவாக்கித்தான் திருப்புறோம், அப்ப பட்டை பக்கவாட்டுல இழுபடும், தேவனாம்பட்டினம் மணல்ல அப்படித் திருப்புனா பல்லைத் தாண்டி கழண்டு விழுந்துடும்.

அதனால "சும்மாச்சக்கரம்", "வெறுஞ்சக்கரம்" ரெண்டும் வேணாம், இவ்வளவு வேலை செய்யறதைப் போய் சும்மான்னு சொல்றது நியாயமே இல்ல. "முன்சக்கரம்"னா விஜயந்தா, அர்ஜுன், டி-72க்கு சரி, ஜெர்மன் டைகர்ல இது பின்னாடில்ல இருக்கு. "பல்லில்சக்கரம்" அழகான சொல்லுதான், ஆனா பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கில முன்னாடி இருக்கிற இதே சக்கரத்துக்குப் பல்லு உண்டு. எடத்தையும் உருவத்தையும் வெச்சு பேரு வெச்சா இப்படித்தான் அடுத்த டாங்கில மாட்டிக்குவோம், செய்யற வேலையை வெச்சா மாட்டமாட்டோம்.

பட்டறைல லேத் ஓட்டுற அண்ணன் இதை "இழுத்துப் புடிக்கிற சக்கரம்"னுதான் சொல்றாரு, யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா "இழுசக்கரம்"னு சுருக்குனா மோட்டார் பக்கத்து சக்கரம்னு நெனச்சுக்குவாங்க, அதுக்கு உந்துசக்கரம் பொருத்தமா இருக்கு. இறுக்குசக்கரம்னா குழப்பமே இல்ல, அந்த வளைஞ்ச கைக்கும் இறுக்குகைன்னு தானா பேரு கெடைச்சுடுது. வினைத்தொகைங்கிறதால நடுவுல ச் போடவேணாம், முன்னாடி மடல்ல ஒருத்தர் இறுக்குச்சக்கரம்னு போட்டிருந்தாங்க.

இன்னொன்னு, பாரம் தாங்குற சக்கரத்துக்கு தாங்குருளைன்னு ஒரு ஐயா எழுதியிருந்தாரு. பேரிங்குக்கு ஏற்கெனவே தாங்குருளைன்னு பொழங்குறாங்க, எங்க டாங்கில அந்தச் சக்கரத்துக்குள்ளயே பேரிங் இருக்கு, தாங்குருளைக்குள்ள தாங்குருளைன்னு எழுதுனா படிக்கிறவங்க பாவம். பாரச்சக்கரம்னு வெச்சுக்கலாம்ங்க ஐயா.

பட்டையோட மேல்பக்கம் தொங்காம இருக்க சின்னதா மூணு உருளை இருக்கே, அதுக்கு இன்னும் நல்ல பேரா அமையல. மேலுருளைன்னா மறுபடியும் எடத்தை வெச்ச பேராயிடுது. யாருக்காவது தோணுனா எழுதுங்க, எங்க டாங்கி படத்துல பேரு எழுதாம அந்த எடத்தை மட்டும் காலியா வெச்சிருக்கேன்.