பெர்ஃபெக்ட் சீசன்: 'நிறைவெற்றிப் பருவம்' என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். விளையாட்டுச் சொற்றொகுதியில் 'பெர்ஃபெக்ட் சீசன்' (ஓர் அணி எல்லா ஆட்டங்களையும் வென்ற பருவம்) என்ற பதிவுக்கு இதுவரை குறையற்ற பருவம், தோல்வியற்ற பருவம், பரிபூரணப் பருவம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தி வரவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் இந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1972ஆம் பருவத்தின் மயாமி டால்ஃபின்ஸ் அணிதான். லீக் சுற்றில் 14 ஆட்டம், அதன் பின் வரும் வெளியேற்றுச் சுற்றான பிளே ஆஃபில் 2, இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் 1. ஆக 17 ஆட்டங்களிலும் வெற்றி. அது ஆடிய தேசியக் கால்பந்து லீக்கில் (NFL) இறுதி ஆட்டம் வரை இப்படி வென்ற அணி வேறு இல்லை. எனவே நாம் ஆக்கும் சொல் இந்த அணிக்குப் பொருந்துகிறதா என்பதே முதல் சோதனை.

> 'குறையே இல்லாத பருவம்' என்பதுதானே நேர்ப்பொருள்?

இல்லை ஐயா. அந்தப் பருவத்தில் குறைக்குப் பஞ்சமே இல்லை. ஐந்தாவது வாரத்திலேயே தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் முதன்மை குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியின் கால் எலும்பு முறிந்தது. அவருக்குப் பதிலாக இறங்கியவர் 38 வயது ஏர்ல் மோரால். பால்டிமோர் அணி கழற்றிவிட்ட அவரைப் பயிற்சியாளர் டான் ஷூலா வெறும் 100 டாலருக்கு எடுத்து வைத்திருந்தார். மின்னசோட்டாவில் 16-14, பஃபலோவுக்கு எதிராக 24-23 என்று நூலிழையில் தப்பிய ஆட்டங்களும் உண்டு.

சூப்பர் பௌலைப் பாருங்கள். 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலிஸ். வாஷிங்டன் அணிக்கு எதிராக டால்ஃபின்ஸ் 14-0 என்று முன்னிலை; ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து 3 புள்ளி எடுப்பது) அடிக்க டால்ஃபின்ஸின் காரோ யெப்ரேமியன் வருகிறார். உதைத்த பந்து எதிரணியின் கையில் பட்டு அவரிடமே திரும்பி வருகிறது. அப்படியே அதன்மேல் விழுந்திருந்தால் போதும். அவரோ எடுத்து வீசப் பார்க்கிறார். பந்து கையிலிருந்து நழுவுகிறது. தடுமாறி அதை மேலே தட்டிவிடுகிறார். வாஷிங்டனின் மைக் பாஸ் அந்தரத்தில் பிடித்து 49 கெஜம் ஓடி, எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் எடுத்துவிடுகிறார். அந்த உதை சரியாகப் போயிருந்தால் பருவக் கணக்கைப் போலவே இறுதி ஆட்டமும் 17-0 என்று முடிந்திருக்கும், முடிந்ததோ 14-7. இதற்குப் பின்னும் 'குறையற்ற' என்று எழுதினால் அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரும் ஏற்கமாட்டார்கள். 'பரிபூரண' என்ற சொல்லும் இதே காரணத்தால் நிற்காது. அது இறைவனுக்கும் ஆனந்தத்துக்கும் ஏற்ற சொல். ஓர் அணியின் வரவுசெலவுக் கணக்குக்கு ஆகாது.

'தோல்வியற்ற' என்பது இன்னும் நுட்பமான சிக்கல். குழுவில் பெரும்பாலானோர் அதன் பக்கம் இருப்பதால்தான் இந்த மடலையே எழுதுகிறேன். 1922இல் கான்டன் புல்டாக்ஸ் அணி 10 வென்று, 2 சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமல் சாம்பியன் ஆனது. 1929இல் கிரீன் பே பேக்கர்ஸ் 12 வெற்றி, 1 சமன். இரண்டும் தோல்வியற்ற பருவங்களே. ஆனால் டால்ஃபின்ஸ் சாதித்ததை இவை சாதிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கலைச்சொல் என்று ஒன்று எதற்கு?

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. 1972க்கு முன்பு வரை வெற்றி விகிதத்தைக் கணக்கிடும்போது சமனான ஆட்டங்களை அந்த லீக் சேர்த்துக்கொள்வதே இல்லை. கான்டனின் 10-0-2 (வெற்றி-தோல்வி-சமன்) பட்டியலில் 1.000 என்றுதான் வரும், 17க்கு 17 வென்றதைப் போலவே. 1932இல் கிரீன் பே 10 ஆட்டங்களை வென்றும், வெறும் 6 வென்ற சிகாகோவுக்கும் போர்ட்ஸ்மவுத்துக்கும் பின்னால் நின்றது. அவை இரண்டும் 6 வெற்றி, 1 தோல்வி, மீதியெல்லாம் சமன். கிரீன் பேவுக்கு 3 தோல்வி. விகிதத்தில் 6-1 மேலே, 10-3 கீழே. சமனை அரை வெற்றி, அரை தோல்வி என்று எண்ணும் விதி வந்தது 1972இல்தான். அதாவது 'தோற்கவில்லை' என்பதும் 'எல்லாவற்றையும் வென்றது' என்பதும் விகிதக் கணக்கில் தனித்தனியாகப் பிரிந்த அதே ஆண்டில்தான் டால்ஃபின்ஸ் எல்லாவற்றையும் வென்றது. லீக்கே பிரித்துவிட்டதை நாம் திரும்ப ஒட்ட வேண்டாம்.

என் பரிந்துரை: நிறைவெற்றி. பருவத்தோடு சேரும்போது நிறைவெற்றிப் பருவம்.

நிறைகுடம், நிறைமதி, நிறைமாதம் என்று நாம் அன்றாடம் புழங்கும் அமைப்புத்தான் இது. வினைத்தொகை, நிறைந்த, நிறைகின்ற, நிறையும் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். எனவே பருவத்தின் நடுவிலும் பயன்படும்: 'பத்தாவது வாரம் வரை நிறைவெற்றியோடு நிற்கிறது' என்று தயங்காமல் எழுதலாம். 'தோலாப் பருவம்' என்ற பழைய வடிவமும் எனக்கு ஆசைதான். ஆனால் இன்று படிப்பவர் 'தோலா?' என்று நின்றுவிடுவார், பொருளும் தோல்வியற்றது என்பதைத் தாண்டாது.

> 'நிறை' என்றால் எங்கள் பாடநூலில் எடை அல்லவா?

இலங்கை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அங்கே நிறை என்பது எடை, திணிவு தனி. தமிழ்நாட்டு இயற்பியலில் அங்குள்ள திணிவைத்தான் நிறை என்கிறோம். இயற்பியலில் இந்தக் குழப்பம் உண்மையிலேயே தொல்லை. ஆனால் நிறைகுடம் என்றதும் குடத்தின் எடையை இரு கரையிலும் யாரும் நினைப்பதில்லை. நான் அஞ்சுவது வேறு ஒன்றை: யாராவது இதை 'நிறைவு வெற்றி' என்று பிரித்து எழுதிவிட்டால் கடைசி ஆட்டத்தின் வெற்றி என்று பொருள் மாறிவிடும். பதிவில் எச்சரிக்கைக் குறிப்பு அவசியம்.

சீசனுக்கு 'ஆண்டு' என்று சிலர் எழுதுவதையும் விட்டுவிடுவோம். 1972ஆம் பருவம் முடிந்தது 1973இல். பருவம் என்பதே சரி.

கடைசியாக ஓர் எல்லை. 2007இல் நியூ இங்கிலாந்து அணி லீக் சுற்றின் 16 ஆட்டங்களையும் வென்று, சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. 1934இல் சிகாகோ பேர்ஸ் 13-0 என்று வந்து, உறைந்து கிடந்த திடலில் அதே ஜயன்ட்ஸிடம் கோப்பையை இழந்தது. இவற்றை 'லீக் சுற்றில் நிறைவெற்றி' என்று குறிப்போம். 'நிறைவெற்றிப் பருவம்' என்ற முழுப் பெயரை இறுதி ஆட்டத்தையும் வென்ற அணிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

மறுப்பு இல்லையென்றால் பதிவு இப்படி இருக்கட்டும்:

நிறைவெற்றிப் பருவம்: லீக் சுற்று முதல் இறுதி ஆட்டம் வரை எல்லா ஆட்டங்களையும் ஓர் அணி வென்ற பருவம். தோல்வி இல்லாமல் ஓர் ஆட்டம் மட்டும் சமனானாலும் 'தோல்வியற்ற பருவம்' என்றே குறிக்க. எ-டு: மயாமி டால்ஃபின்ஸ், 1972, 17-0.