டாக்ஸ்ஹுண்ட் குட்டி எடுக்கும் முன்: அளவு, குணம், முதுகு

புதுவரவு:
டேஷ் ஹவுண்ட் குட்டி ஒன்று எடுக்க யோசனை. விற்பவர் "இது மினியேச்சர், 5 கிலோவைத் தாண்டாது" என்கிறார். 8 வாரக் குட்டியைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா? இது நிஜமாகவே வேட்டை நாயா, கொஞ்சுவதற்காகக் குட்டையாக்கிய இனமா? முதுகு சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

மோப்பம்:
முதலில் பெயர். அதில் இருப்பது 'ஹவுண்ட்' இல்லை, 'ஹுண்ட்'. ஜெர்மனில் டாக்ஸ் என்றால் பேட்ஜர் (மண்ணில் வளை தோண்டி வாழும் விலங்கு), ஹுண்ட் என்றால் நாய், அவ்வளவுதான். ஜெர்மனியில் பேச்சுவழக்கில் டாக்கெல், வேட்டைக்காரர்களுக்கு டெக்கெல். 1888இல் தொடங்கிய அவர்களின் சங்கத்துக்கும் டாய்ச்சர் டெக்கெல்க்ளுப் என்றுதான் பெயர்.

கொஞ்சுவதற்கு உருவாக்கியது இல்லவே இல்லை. பேட்ஜர் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். நீள நகம், கடித்தால் விடாத தாடை. அதன் வளைக்குள் தனியாகப் போய், இருட்டில் எதிர்த்து நின்று குரைப்பதுதான் இந்த நாயின் வேலை. உடம்பை அந்தக் கணக்கில் பாருங்கள். கால் குட்டை, வளைக்குள் நுழைய. நெஞ்செலும்பு முன்னால் துருத்தி, விலாக்கூடு பின்னால் நீண்டு போவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடம் தர. முன்பாதம் பின்பாதத்தைவிடப் பெரிது, மண்ணைத் தள்ள. குரல் மட்டும் பெரிய நாயின் குரல். மேலே நிற்பவர் அதைக் கேட்டுத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வார். சொல்பேச்சு கேட்காது என்ற புகாரும் அங்கிருந்து வந்ததுதான். வளைக்குள் முடிவெடுப்பது நாய், எஜமானர் இல்லை.

முடி மூன்று வகை: குட்டைமுடி, நீளமுடி, கம்பிமுடி. கம்பிமுடியில் டெரியர் கலப்பு உண்டு. முட்புதருக்குள் தோல் கிழியாது. புதரிலிருந்து காட்டுப்பன்றியைக் கிளப்பவும், அடிபட்டு ஓடிய மானின் ரத்தத் தடம் பிடிக்கவும் ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இன்றும் டெக்கெலை வைத்திருக்கிறார்கள். (1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமான வால்டியும் இந்த இனம்தான்.)

வளைவாசல்:
அந்த 5 கிலோ அமெரிக்கக் கணக்கு; 11 பவுண்டுக்குள் இருந்தால் அங்கே மினியேச்சர். ஜெர்மனியில் எடை பார்ப்பதில்லை, நெஞ்சின் சுற்றளவுதான். வளைக்குள் போகுமா, சிக்குமா என்பதை அதுதானே தீர்மானிக்கிறது! 15 மாதம் முடிந்தபின் தோள்மேட்டிலிருந்து நெஞ்சின் அடிப்பகுதி வரை நாடாவைச் சுற்றி அளப்பார்கள். பழைய கணக்கில் 35 செ.மீ.க்கு மேல் ஸ்டாண்டர்ட், 30 முதல் 35 வரை மினியேச்சர், 30 வரை முயல் டெக்கெல் என்ற மிகச் சிறிய வகை. பிறகு ஆணுக்கு மட்டும் இந்த எல்லைகளை 2 செ.மீ. கூட்டிவிட்டார்கள்.

ஆகவே 8 வாரத்தில் யாராலும் உறுதி சொல்ல முடியாது. தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பார்த்து நாடாவால் அளந்துவிடுங்கள். இரண்டுமே திட்டுத்திட்டான டேப்பிள் நிறமாக இருந்தால் குட்டி வேண்டாம். இரு பக்கமும் அந்த மரபணு சேர்ந்த குட்டிகள் குருடாகவோ செவிடாகவோ பிறக்க வாய்ப்பு அதிகம்.

நாலுகால்:
முதுகு விஷயம் உண்மை. நீளமான உடம்புதான் காரணம் என்பது பாதிதான் சரி. இந்த இனத்தில் எஃப்ஜிஎஃப்4 மரபணுவின் கூடுதல் நகல்கள் உண்டு. அவற்றில் ஒன்று, 12ஆம் குரோமோசோமில் இருப்பது, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டுகளைச் சின்ன வயதிலேயே காயவைத்து, சுண்ணாம்பு படியவைக்கிறது. காய்ந்த வட்டு வெடித்து மேலே தண்டுவடத்தை அழுத்தும். பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள், விலா முடியும் இடத்தை ஒட்டி.

டென்மார்க் போன்ற நாடுகளில் 2 முதல் 4 வயதுக்குள் எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த வட்டுகளை எண்ணி, 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனச்சேர்க்கைக்கு வேண்டாம் என்கிறார்கள். பெற்றோருக்கு இந்த எக்ஸ்ரே எடுத்தார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

முதுகைக் கூனிக்கொண்டு நடப்பது, தூக்கினால் கத்துவது, சோபாவில் ஏறத் தயங்குவது முதல் அறிகுறிகள். பின்பாதம் மடங்கித் தரையில் இழுபட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பாத விரலை அழுத்திக் கிள்ளியும் வலி தெரியவில்லையென்றால் சில மணி நேரம்தான் அவகாசம். மனிதருக்கான வலி மாத்திரை கொடுக்கவே கூடாது. ஸ்டீராய்டையும் ஸ்டீராய்டு அல்லாத வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் குடல் புண்ணாகும். அறுவை தேவைப்படாத நிலை என்றால் 4 முதல் 6 வாரம் கூண்டுக்குள் வைத்து ஓய்வு. பத்து நாளில் துள்ளும், உடனே திறந்துவிடுவார்கள். பாதி ஆறிய வட்டு மறுபடி பிதுங்குவது அப்போதுதான்.

புதுவரவு:
நன்றி. அப்படியென்றால் படியே ஏறவிடக் கூடாதா?

நாலுகால்:
நடக்கவிடாமல் பொத்திவைப்பதும் தப்பு, முதுகைத் தாங்குவது தசைதான். தினமும் நன்றாக நடக்கட்டும். தடுக்க வேண்டியது சோபாவிலிருந்து குதிப்பதை. 45 செ.மீ. உயரச் சோபாவுக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளச் சாய்பலகை, மேலே வழுக்காத விரிப்பு. எடை கூடிவிட்டதா என்று அறிய, தராசைவிட விலாவைத் தடவிப் பாருங்கள். லேசாக அழுத்தினாலே எலும்பு விரலில் பட வேண்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்தொடைக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினால் மொத்த எடையும் முதுகில் தொங்கும்.