பாராசோஷியல் உறவு: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே, வணக்கம். 1963-இல் சிங்கப்பூருக்கு வந்த தொலைக்காட்சியைப் பற்றிய ஒரு சிறு கண்காட்சிக்கு விளக்கப் பலகைகளைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். திரையில் வருபவரை மனம் நெடுநாள் பழகியவராகவே எடுத்துக்கொள்கிறது. அவருக்கோ நாம் இருப்பதே தெரியாது. 1956-இல் ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குப் பாராசோஷியல் என்று பெயர் வைத்தார்கள். தோபாயோவில் என் பாட்டி, செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அதைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

---

தம்பி, சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: கைக்கிளை, ஒரு பக்கம் மட்டுமே உள்ள அன்பு. முத்தொள்ளாயிரத்தில் வீதியுலா வரும் வேந்தனைக் கண்டு பெண்கள் உருகுகிறார்கள், அவனுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. புறநானூற்றில் 83 முதல் 85 வரை நக்கண்ணையார் பாடியதும் இதே நிலைதான். கை என்றால் சிறுமை என்பார்கள், கையேடு, கைவாள் போல. எனக்கு அது பக்கம் என்றே படுகிறது. கிளை உறவு. ஒரு பக்கத்து உறவு! ஏழிசையிலும் கைக்கிளை உண்டே, குரல், துத்தம், கைக்கிளை என்று. அந்தப் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பல நாளாக யோசிக்கிறேன்.

---

ஐயா, இசைக்கு அப்புறம் வருவோம். என் வகுப்பில் கைக்கிளை என்றால் பிள்ளைகள் ஒருதலைக் காதல் என்றுதான் எழுதுவார்கள். பாட்டிக்கும் செய்தி வாசிப்பவருக்கும் காதலா? 'ஒருவழி உறவு' போதும், படித்தவுடன் புரியும். யாராவது 'போலி உறவு' என்று எழுதிவிடப் போகிறார்கள், அது மட்டும் வேண்டாம். உறவுதான் ஒரு பக்கம், உணர்ச்சி உண்மை. பிடித்த தொடர் முடிந்த வாரம் என் அம்மா அந்த நேரத்துக்கு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

---

ஒருவழி என்றதும் சாலைப் பலகைதான் நினைவுக்கு வருகிறது, அம்மா. காதல் வேண்டாமென்றால் கேண்மை இருக்கிறதே, நட்பு என்று பொருள். கைக்கேண்மை. காமம் போய்விட்டது, கை நிற்கிறது.

---

கைக்கேண்மை அழகாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் பலகை முன்னால் அரை நிமிடம்கூட நிற்காதவருக்கு அது புரியாது. தனிமடலில் எழுதிய மூவரும் ஒருவழி உறவு என்றே சொன்னார்கள், அதையே அனுப்புகிறேன்.

---

சரி, அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை. சொற்பட்டியலில் கைக்கேண்மையையும் சேர்த்து வையுங்கள், கேட்டுப் பழகினால்தானே புரியும்.