மண் பதம், மண் கட்டி: கையில் பட்டதைச் சொல்லுங்கள்

கரிசல்காடு:
கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டுப் பிசைந்து, மூடி வைத்து மறுநாள் எடுத்த மண். கண்ணாடித் தகட்டில் உருட்டினால் 3 மி.மீ. திரியில் உதிரணும், அப்போது மண்ணில் இருக்கும் ஈரத்தின் சதவீதம்தான் குழைவு எல்லை. இது உதிரவே இல்லை. மடி, பிசை, மறுபடி உருட்டு. கடைசியில்தான் திரியின் குறுக்கே மயிரிழை வெடிப்பு ஓடித் துண்டு துண்டாகப் போனது. ஈரம் அளக்க, துண்டுகளை உடனே டப்பாவில் மூடுங்கள். ஃபேன் காற்றில் கிடந்தால் ஈரம் போய் எண் குறைந்துவிடும். ஓவன் அடுப்பில் காய்ந்த மண்ணை இந்தச் சோதனைக்கு எடுக்கவே கூடாது.

மேழி:
திரியெல்லாம் லேபோடு சரி. மழை விட்டதும் அவசரப்பட்டு உழுத கரிசலைப் பார்த்திருக்கீங்களா? கலப்பைக் கொழு புரட்டிய மண் கண்ணாடியாய் மின்னியது. மின்னினாலே கதை முடிஞ்சது. காய்ந்தபின் ரொட்டவேட்டருக்கும் மசியாத கட்டி. கொழு தேய்த்த அடிமண் தகடு தகடாய் இறுகிப்போய், பருத்தியின் ஆணிவேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் வளைந்திருந்தது.

சல்லடை:
மேழி, லேபோடு சரின்னு தள்ளாதீங்க. அதே திரியை வரப்பில் உட்கார்ந்து உருட்டியிருந்தால் அந்த உழவு நடந்திருக்காது. மண்ணை மேலாக அள்ளக்கூடாது. மேலே காய்ந்திருக்கும், கீழே குழைந்து கிடக்கும். உழும் ஆழம் 15 செ.மீ. என்றால் அங்கிருந்து எடுங்கள். 3 மி.மீ. திரி உடையாமல் வந்தால் டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள். உருட்டும்போதே உதிர்ந்தால் உழலாம்.

ஆனால் கரிசல்காடு அளந்த குழைவு எல்லை, மண் துகள்கள் கட்டிகளாகச் சேர்ந்திருக்கும் கட்டமைப்பைச் சொல்லாது. சலித்துப் பிசைந்தபோதே அது போச்சு. குழி வெட்டினால்தான் தெரியும்: ஆப்பு வடிவக் கட்டிகள், சாய்வான வழவழப்பு முகங்கள். மண் ஈரத்தில் உப்பி ஒன்றை ஒன்று தள்ளித் தேய்த்த தடம் அது.

களர்மண்:
குழி என்றதும் ஞாபகம் வருது. சோடியம் மிகுந்த களர் நிலத்தில் ஒரு குழி, மண் தூண் தூணாய், உச்சி மட்டும் மொழுக்கென்று உருண்டு நின்றது. தூணுக்குள் வேரே இல்லை, இடுக்கில்தான் இறங்கியிருந்தது.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். நிலம் இறுகுதுன்னு எல்லாரும் ஜிப்சம் கொட்டுறாங்க. முதலில் காற்றில் உலர்ந்த பட்டாணி அளவுக் கட்டியைக் கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றிப் போடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு கலங்கலை மறைச்சிடும். ஆட்டாமல் 2 மணி நேரம் விடுங்கள். கட்டி சரிந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்கு போதவில்லை. தொழுவுரம், பசுந்தாள் போதும், ஜிப்சம் தண்டம். கட்டியைச் சுற்றிப் பாலாய்க் கலங்கினால் பெரும்பாலும் சோடியம்தான். அப்போது ஜிப்சம் போடலாம், ஆனால் வடிகால் இருக்கணும். இல்லையென்றால் வெளியேறிய சோடியம் போக வழியில்லை.

தண்ணீர் தெளிவாக நின்ற மண்ணையும் ஈரத்தில் பிசைந்து உருண்டை பிடித்து இன்னொரு டம்ளரில் போடுங்கள். இப்போது கலங்கினால் அந்த நிலத்துக்கு ஈர உழவு ஆகவே ஆகாது.

மேழி:
அப்போ நஞ்சையில் தண்ணீர் கட்டிச் சேறாக உழுது தொழி அடிப்பது மட்டும் எப்படி?

சல்லடை:
அங்கே கட்டமைப்பைக் கெடுப்பதே நோக்கம், தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க. அப்படிக் கெட்ட மண் காய்ந்தால் இறுகிவிடும். அதனால்தான் காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்துக்கு, அதாவது நெல்லுக்கு அடுத்து அதே வயலில் வரும் உளுந்துக்கு, உழுவதில்லை. அறுவடைக்குச் சில நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் விதைத்துவிடுவார்கள்.