சி.எச். 701 என்ற சின்ன விமானத்தில் ஏறியவர்கள், அதைக் கட்டியவர்கள் எழுதுங்கள்

போச்சம்பள்ளி
கல்லூரி இரண்டாம் ஆண்டு, என்.சி.சி. ஏர் விங் முகாம். என் முறை வரும்போது வெயிலேறி, காற்றும் எழும்பிவிட்டது. உள்ளே எப்படி இருக்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும்: இரண்டு இருக்கைக்கும் நடுவே விமானத்தை ஓட்டும் ஒரே ஸ்டிக், மேலே கவட்டை போலப் பிரியும். ஒரு கிளை பயிற்றுநர் கையில், மறு கிளை என் கையில். மேலே போனதும் எஞ்சினைக் குறைத்து மூக்கைத் தூக்கினார். கண்ணாடி முழுக்க வானம். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் சக்கரத்துக்கு அடியில் ஒரு வேலமரம், நகரவே இல்லை. அப்புறம் சமன் செய்துவிட்டு, "பிடி" என்று தன் கையை எடுத்தார். நானும் பயத்தில் கையை எடுத்துவிட்டேன். இரண்டு வினாடி யாருமே பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் தூக்கம் வராத இரவுகளில் என் கை அந்தக் கவட்டையைத் தேடுகிறது.

ஓசூர் ஃபிட்டர்
மரம் நகராமல் நின்றிருக்க முடியாது நண்பரே. 701 சரியாமல் பறக்கும் குறைந்த வேகமே மணிக்கு 48 கி.மீ. சுமார். அந்த அளவு எதிர்க்காற்றில் கேடட்டை ஏற்றவே மாட்டார்கள். மெதுவாக நகர்ந்திருக்கும்.

என் கதை தேன்கனிக்கோட்டைச் சாலையில் ஒரு ஷெட். தெரிந்தவர் 701-ஐ நாமே பூட்டிக் கட்டும் பாகங்களாக, அதாவது கிட்டாக இறக்கியிருந்தார், தகடு வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். 6061-டி6 அலுமினியம், தகடுகளைச் சேர்ப்பதெல்லாம் பாப் ரிவெட் என்ற ஆணி. இறக்கையில் ஒரு துளை ஓரத்துக்கு மிக நெருக்கமாக விழுந்துவிட்டது. ரிவெட் அடித்து மூடிவிட்டேன். வெளியே பார்த்தால் தெரியாது. அன்றிரவு கண்ணை மூடினால் அந்த ஓரம்தான். விடிந்ததும் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, டிரில்லை என் கையிலேயே கொடுத்து ரிவெட்டை எடுக்கச் சொன்னார். அந்தத் துண்டையே புதிதாக வெட்டினோம்.

பாலக்கோடு
தக்காளி பறித்துக்கொண்டிருந்தோம். தாழ்வாக ஒன்று வந்தது, இறக்கையின் முன்விளிம்பில் தனியாக ஒரு பட்டை தெரிந்தது. அம்மா கூடையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா இப்போது இல்லை. அந்தப் பட்டை என்ன?

அரூர் பெரியவர்
அதன் பெயர் ஸ்லாட் (slat), அம்மா. நான் ஒரே ஒருமுறை தரையில் நின்றதைத் தொட்டிருக்கிறேன், அந்தப் பட்டைக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

மூக்கு மேலே தூக்கும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்து இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடும், அதனால் இறக்கை சீக்கிரம் தூக்குவிசையை இழக்காது. 701-இல் அது மடங்காது, நிலையாகப் பொருத்தியது. வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கெட்டுப்போக ஒன்றுமில்லை. பின்விளிம்பில், தூக்குவிசையைக் கூட்டும் ஃப்ளாப்பும் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அய்லரானும் ஒன்றாகச் சேர்ந்த ஃப்ளாப்பரான். வால் இறக்கை கவிழ்த்துப் போட்ட வடிவம், வாலைக் கீழே அழுத்துவதற்காக. இதை வடிவமைத்த கிறிஸ் ஹைன்ட்ஸ், ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு விமான வேலையிலும் இருந்தவர். பிறகு கனடா போய் 1974-இல் ஜெனேர் நிறுவனத்தைத் தொடங்கி, 1986-இல் இதைக் கொண்டுவந்தார். அவ்வளவு வேகமான விமானத்தில் வேலை பார்த்தவர், கரடுமுரடான சின்ன நிலத்தில் மெதுவாக இறங்குவதற்கென்றே ஒன்றை வரைந்ததை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது. இடவசதி கூட்டி 2008-இல் சி.எச். 750 வந்தது.

ஓசூர் தம்பிக்கு: கட்டுவதாக இருந்தால் முதலில் எடைக் கணக்கு. இங்கே மைக்ரோலைட் எனும் இலகு விமானத்துக்கு நெடுங்காலமாக 450 கிலோதான் வரம்பாக இருந்தது. தயாரிப்பாளர் சொல்லும் உச்ச எடையோ 1,100 பவுண்டு, அதாவது 500 கிலோ. பெயின்ட் அடிக்கும் முன்னும் பின்னும் தராசில் வை. ஒவ்வொரு துளையின் பிசிறையும் எடு. ரோட்டாக்ஸ் எஞ்சினில் 80 குதிரைத்திறனா 100-ஆ என்று அப்புறம் யோசி. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ-வின் விதிகளைக் கிட் வாங்கும் முன்பே படி.

ஓசூர் ஃபிட்டர்
ஐயா, நான் கட்டப்போவதாகச் சொல்லவில்லையே. அந்தத் துளையைப் பற்றித்தான் எழுதினேன்.

போச்சம்பள்ளி
மரம் நகர்ந்தே இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரும் பிடிக்காத அந்த இரண்டு வினாடியும் விமானம் நேராகத்தான் போனது. அந்த வருடங்களில் கேடட்களை ஏற்றிய பயிற்றுநர் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். இந்த முறை கையை எடுக்க மாட்டேன்.