பேட்டரி 12.4 காட்டுது, ஆனா ஃப்ரிட்ஜ் ராத்திரியில நின்னுடுது (பழைய டிராவலர் வேன்)

கோவை_டிராவலர்:
வணக்கம்ங்க. 2010 மாடல் டெம்போ டிராவலர். மஞ்சள் போர்டுல டூரிஸ்ட் வண்டியா ஓடினது. வாங்கி ஓன் போர்டுக்கு மாத்தியாச்சு. பின்னாடி சீட்டைக் கழட்டிட்டு ஒரு கட்டில், சின்ன சமையல் மேடை, தண்ணி டேங்க் வெச்சிருக்கோம். அப்பாம்மாவைக் கூட்டிட்டு மலைப்பக்கம் போய்த் தங்கறதுக்காகத்தான் இந்த வண்டியே. அப்பா இன்சுலின் போடறவர், அதனால ஃப்ரிட்ஜ் இல்லாம கிளம்ப முடியாது.

பிரச்சினை அந்த ஃப்ரிட்ஜுலதான். 45 லிட்டர், 12 வோல்ட் கம்ப்ரசர் வகை. வண்டி ஓடும்போது நல்லா குளிருது. வால்பாறையில ராத்திரி நிறுத்தினா நடுராத்திரிக்கு மேல "ஈ1"னு காட்டிட்டு நின்னுடுது. கையேட்டுல அதுக்கு வோல்டேஜ் குறைவுன்னு போட்டிருக்கு. ஆனா அந்த நேரத்துலயே பேட்டரியில மீட்டர் வெச்சுப் பார்த்தா 12.4 இருக்கு!

இன்ஜின் பேட்டரி தனி. கட்டிலுக்கு அடியில 100 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூபுலர், அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடற லெட் ஆசிட் பேட்டரி. இன்ஜின் ஓடும்போது ரிலே (தானா இணைச்சுத் துண்டிக்கற சுவிட்ச்) வழியா அதுக்கு சார்ஜ் போகும். முன்னாடி டிவிக்கும் கூரை லைட்டுக்கும் போன வயர்லயே ஃப்ரிட்ஜுக்கு சிகரெட் சாக்கெட் கொடுத்திருக்காங்க. மைனஸுக்குத் தனி வயர் இல்ல, பாடி எர்த், அதாவது வண்டித் தகடு வழியாத்தான். பேட்டரி போச்சு, லித்தியம் போடுங்கன்னு கடையில சொல்றாங்க. பணத்தைப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கறேன்.

ஓஎம்ஆர்_ஓட்டுநர்:
ப்ரோ, ஃப்ரிட்ஜ் செட்டிங்ல பேட்டரி ப்ரொடெக்‌ஷன் ஹை, மீடியம், லோன்னு இருக்கும். லோல வெச்சா வோல்டேஜ் இன்னும் இறங்கினாத்தான் நிறுத்தும். அதுல வைங்க, நிக்காது.

பழைய_வயர்மேன்:
லோல வெச்சா நிக்காதுதான் தம்பி. ஆனா வோல்டேஜ் எங்க விழுதுன்னு கடைசிவரைக்கும் தெரியாது. டியூபுலர் பேட்டரியும் ஆழமா இறங்கி சீக்கிரம் கெடும். இப்போதைக்கு செட்டிங்கைத் தொட வேணாம்.

கோவைத் தம்பி, முதல்ல ஒரு கணக்கு. இந்த ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். ராத்திரி 12 மணி நேரத்துல பாதி நேரம் கம்ப்ரசர் ஓடுதுன்னு வைங்க, 270 வாட் மணி. 12 வோல்ட்டால வகுத்தா 22, 23 ஏஎச்தான். 100 ஏஎச் பேட்டரி ஒரு ராத்திரிக்கு இதைத் தாராளமா தாங்கும். ஓய்வுல இருக்கற லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டினா முழுசு, 12.2 காட்டினா ஏறக்குறைய பாதி. உங்களுது 12.4. பேட்டரி பாவம், அது மேல பழி போடாதீங்க.

வோல்டேஜ் வழியில விழுது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடிட்டு இருக்கும்போதே இதை அளந்து போடுங்க, ஓடலன்னா எல்லா இடத்துலயும் நல்ல அளவுதான் காட்டும்:

பேட்டரி டெர்மினல் ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு? சாக்கெட்டுல எவ்வளவு? அப்புறம் மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொரு முனையை சாக்கெட் பிளஸ்லயும் வைங்க. அதே மாதிரி பேட்டரி மைனஸ்ல இருந்து சாக்கெட் மைனஸுக்கு. மீட்டர் வயர் எட்டலன்னா ஒரு நீள வயரைச் சேர்த்துக்கலாம், அளவு மாறாது. வயர் என்ன சைஸ், எவ்வளவு நீளம்னும் சொல்லுங்க.

கோவை_டிராவலர்:
அண்ணா, அளந்துட்டேன். ஓடும்போது பேட்டரியில 12.3. சாக்கெட்டுல 11.2. பிளஸ் பக்கம் 0.5, மைனஸ் பக்கம் 0.6. வயர் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), கூரை வழியா சுத்தி வர்றதால ஆறு மீட்டர் இருக்கும். ஆம்பியர் கிளாம்ப் கடன் வாங்கிப் பார்த்தேன், கிட்டத்தட்ட 5 ஆம்பியர்.

பழைய_வயர்மேன்:
அருமையா அளந்திருக்கீங்க. விழற 1.1 வோல்ட்டும் கணக்குல வந்துடுச்சு.

செம்பு வயருக்கு 0.0175ஐ நீளத்தால பெருக்கி ஸ்கொயரால வகுத்தா ஓம் வரும். 6 மீட்டர், 1.5 ஸ்கொயர்னா 0.07 ஓம். 5 ஆம்பியர் போனா 0.35 வோல்ட் வயர்லயே போயிடும். பிளஸ்ல மீதி 0.15 சாக்கெட்டுலயும் ஜாயின்ட்டுலயும் போகுது. ஓடும்போது சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும்.

மைனஸ்ல 0.6 போறதுதான் பெரிசு. வேன் பாடி முழுக்க இரும்பு, அதுல இவ்வளவு விழவே கூடாது. எர்த் போல்ட் பெயின்ட் மேல உட்கார்ந்திருக்கும், இல்லன்னா துருப்பிடிச்சிருக்கும். பழைய வண்டியில பின் சக்கர மேடைப் பக்கம் எர்த் அடிச்சிருந்தா அங்கதான் பாருங்க, சேறும் தண்ணியும் தேங்குற இடம்.

கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகற அந்த நொடியில ஆம்பியர் இன்னும் ஏறும், அதே அளவுக்கு வோல்டேஜும் கூட விழும். ஃப்ரிட்ஜ் பார்க்கறது தன்கிட்ட வர்ற வோல்டேஜை மட்டும்தான். ஹைல இருக்கும்போது 11க்குக் கிட்டத்துல வந்தா கட் பண்ணிடும். சாயங்காலம் பேட்டரி நிறைஞ்சிருக்கறதால தப்பிக்குது, நடுராத்திரியில கொஞ்சம் இறங்கினதும் மாட்டிக்குது.

செய்ய வேண்டியது: பேட்டரியில இருந்து ஃப்ரிட்ஜுக்குத் தனியா 6 ஸ்கொயர் செம்பு வயர், பிளஸ் மைனஸ் ரெண்டுமே. பாடி எர்த்தே வேணாம். சிகரெட் சாக்கெட்டைத் தூக்கிட்டு இறுக்கமா பூட்டுற டூ-பின் கனெக்டர் போடுங்க. லக்கை (வயர் முனையில மாட்டற உலோகக் காது) அதுக்கான கருவியால அழுத்தி முறையா கிரிம்ப் பண்ணச் சொல்லுங்க, கட்டிங் பிளேயர்ல நசுக்கினா ஆறு மாசத்துல மறுபடி இதே கதைதான்.

இன்னொண்ணு. இப்ப இருக்கற வயர்ல பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் இருக்கா? நீங்க அதைச் சொல்லவே இல்ல.

கோவை_டிராவலர்:
பார்த்தேன் அண்ணா. டேஷ்போர்டு பக்கம் ஒண்ணு இருக்கு. பேட்டரி பக்கம் இல்ல.

பழைய_வயர்மேன்:
அப்படின்னா இன்னைக்கே அந்த வயரைக் கழட்டி வைங்க. ஃபியூஸ் காப்பாத்தறது அதுக்கு அப்புறம் இருக்கற வயரை மட்டும்தான். கூரைத் தகடுல உரசி ஷார்ட் ஆச்சுன்னா நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயும், வயர் எரியும், பக்கத்துல பஞ்சு மெத்தை. உள்ள தூங்கறது உங்க அப்பாம்மா. புது வயர்ல பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். இது இல்லாம ஒரு ராத்திரிகூட அதுல தூங்காதீங்க.

நெல்லை_நர்ஸ்:
தம்பி, வயர் சமாச்சாரம் அண்ணாச்சி சொல்லிட்டாங்க. நான் ரெண்டு விஷயம் சொல்லுதேன்.

இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறையவே கூடாது. உறைஞ்சு உருகினதைப் போடக் கூடாது, தூரத்தான் போடணும். இந்த ஃப்ரிட்ஜுல உள்சுவரை ஒட்டி வெச்சா உறைய வாய்ப்பு உண்டு. ஒரு டப்பாவுல போட்டு நடுவுல வைங்க, உள்ள ஒரு தெர்மாமீட்டரும் வைங்க, வெளித்திரை காட்டறதை மட்டும் நம்பாதீங்க. இப்ப உபயோகத்துல இருக்கற பேனாவை 30 டிகிரிக்குக் கீழ வெளியவே சில வாரம் வெச்சுக்கலாம். எத்தனை நாள்னு மருந்துக்கு மருந்து மாறும், உள்ள இருக்கற தாள்ல போட்டிருக்கும். அதனால ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னா பதறாதீங்க.

ரெண்டாவது, கட்டிலுக்கு அடியில டியூபுலர்னு சொன்னீங்களே. சார்ஜ் ஏறும்போது அதுல ஹைட்ரஜன் வரும், ஆசிட் ஆவியும் வரும். மூடின பெட்டியில வெச்சு, மேல இருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளிய விடணும். அது முடியலன்னா இடத்தையே மாத்துங்க.

ஏற்காடு_மணி:
ஆர்சி பத்தியும் ஒரு வார்த்தை. 2010 வண்டின்னா 15 வருஷம் முடிஞ்சு புதுப்பிக்கற கட்டம். இன்ஸ்பெக்‌ஷன்ல சீட் எண்ணிக்கையைப் பார்ப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியா சொல்லிடுச்சு. கழட்டின சீட்டையும் போல்ட்டையும் பத்திரமா வெச்சிருங்க. கட்டிலைக் கழட்டி மாட்டற மாதிரி வெச்சுக்கிட்டு, புதுப்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல நேர்ல பேசுங்க. இன்சூரன்ஸ் காரங்ககிட்டயும் எழுத்துல தெரிவிங்க.

கோவை_டிராவலர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வயர் மாத்தியாச்சு. எர்த் போல்ட்டைக் கழட்டினா அண்ணா சொன்ன மாதிரியே அடியில செதில் செதிலா துரு. இப்ப ஃப்ரிட்ஜ் ஓடும்போது பேட்டரியில 12.3, கனெக்டர்ல 12.1. செட்டிங் ஹைலயே இருக்கு. வீட்டு வாசல்ல நிறுத்தி ராத்திரி முழுக்க ஓட விட்டேன், நிக்கல. பேட்டரிக்குப் பெட்டியும் வெளிக்குழாயும் போட்டாச்சு. சீட்டெல்லாம் மாடியில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். ஆர்டிஓவுக்கு அடுத்த வாரம் போறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில 14.1, பின்னாடி 13.4தான் வருது. இதுவும் வயர்தானா?

பழைய_வயர்மேன்:
அதுவும் வயர்தான், ரிலே காண்டாக்டையும் பாருங்க. ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல 16 ஸ்கொயர் போட்டு, ரெண்டு முனையிலும் ஃபியூஸ் வைங்க, ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கே. ஆனா டியூபுலர் மெதுவாத்தான் ஏறும், கோவையில இருந்து வால்பாறை போற நேரத்துல முழுசா நிறையாது. ரெண்டு நாள் ஒரே இடத்துல தங்கப் போறீங்கன்னா கூரையில 200 வாட் சோலார் போடுங்க. பேனலை கூரைத் தகடோட ஒட்டாம ரெண்டு, மூணு இன்ச் இடைவெளி விடுங்க. பேனல் 25 டிகிரிக்கு மேல ஏறற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறைவாக் கொடுக்கும். நம்ம வெயில்ல 65 டிகிரிக்குப் போனா ஆறுல ஒரு பங்கு அப்படியே போயிடும். கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜை ஒழுங்குபடுத்தற கருவி) வாங்கும்போது டியூபுலர் செட்டிங் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பேனல் சைஸ் முடிவானதும் இங்க போடுங்க, வயர் கணக்கு போட்டுத் தர்றேன்.